ஒருவழியா, ஒருபக்க பார்க்கிங்கா? கம்பத்துத் தெரு ஒன்றின் கணக்கு

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் மெயின் ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு நெரிசல் புதிதில்லை. குமுளி பஸ், ஏலக்காய்த் தோட்ட ஜீப், திராட்சை ஏற்றும் வேன், பள்ளி வேன் எல்லாம் ஒரே நேரத்தில்தான் வரும். மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் எங்கள் தெருதான் குறுக்குவழி. இதற்கு என்ன செய்யலாம் என்று தெருக்காரர்கள் கூடியபோது மூன்று யோசனைகள் வந்தன: நாள் முழுக்க ஒருவழி, காலை மாலை மட்டும் ஒருவழி, இருவழியாகவே விட்டுவிட்டு வண்டி நிறுத்துவதை மட்டும் ஒரு பக்கமாக ஆக்குவது. நான் கையெழுத்துப் போட்டது மூன்றாவதற்கு. நடுநிலையான அலசலை எதிர்பார்ப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முழுநேர ஒருவழியின் நல்லது கெட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரே வண்டி வராது, ஹாரன் சத்தம் குறையும், முட்டிக்கொண்டு நின்று 'நீ பின்னாடி எடு, நான் பின்னாடி எடுக்க மாட்டேன்' என்ற பஞ்சாயத்து இருக்காது. இந்தப் பக்கம் பேசியவர்கள் எல்லோரும் காட்டிய உதாரணம் சபரிமலை சீசன். கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும்வரை, கூட்டம் கூடும்போது, ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக மேலே அனுப்பி, திரும்பும்போது குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள். "மலைக்கே ஒருவழி போட்டு ஓட்டுறாங்க, நம்ம தெருவுக்குப் போட முடியாதா?" என்று ஒருவர் கேட்டதும் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள்.

ஆனால் மலையில் போக ஒரு முழு ரோடு, வர ஒரு முழு ரோடு. கம்பம்மெட்டில் ஏறுகிறவர் கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாக எருமேலி போய்விடுவார். திரும்பி வரும்போது குமுளி மலைப்பாதை அவருக்குச் சுற்றாகவே தெரியாது. போதாததற்கு முக்கில் போலீஸ் நிற்கிறது, வண்டியோட்டி வெளியூர்க்காரர், காட்டிய வழியில் போவார். எங்கள் தெருவில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு வேன் நுழைந்தால் அடுத்த வேன் நுழையாது. அதைத் 'திரும்பும் தெரு' என்று பேப்பரில் போடலாம், ஓட்ட முடியாது. ஆகவே ஒருவழியில் உள்ளே வந்த வண்டி மெயின் ரோட்டுக்குப் போய், பஸ்களுக்கு நடுவில் வலது பக்கம் திரும்பி, மறுபடி தெருமுனைக்கு வர வேண்டும்.

என் கணக்கில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தச் சுற்றுதான். ஒருவழி நிற்குமா விழுமா என்பதைத் தெருவின் அகலமோ போர்டோ தீர்மானிப்பதில்லை. எதிர்ப்பக்கம் போக வேண்டியவர் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்பதுதான் தீர்மானிக்கிறது. சுற்று சின்னதாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். நீண்டுவிட்டால் பைக் எதிர்த்து வரும், அப்புறம் ஆட்டோ வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில், எதிர்த்திசையில் ஓட்டுவதும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்கிறது. முதல் தடவைக்கே அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. சரி, பால் பாக்கெட் வாங்க நாலு வீடு தள்ளிப் போகிறவரைப் பிடிக்கத் தெருவுக்கு ஒரு காவலரை நிறுத்த முடியுமா?

சோதனையாகக் கொஞ்ச நாள் ஒருவழி ஓட்டிப் பார்த்தபோது இது கண்ணெதிரே நடந்தது. மாவு மில் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். தெருவைக் கடக்கிற பிள்ளைகள் வண்டி வரும் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் காலை வைப்பார்கள், மறுபக்கத்திலிருந்து மொபட் ஒன்று சத்தமில்லாமல் வந்து நிற்கும். இருவழித் தெருவில் இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம் இருந்தது, அது போயிற்று. எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில் கார்கள் வேகம் எடுத்ததும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, விடிகாலை ஜீப். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு தெரு நடுவில் காத்து நிற்பார்கள், ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு மலையேறும். ஒருவழி வந்ததும் டிரைவர் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். "சுத்தி வர்ற டீசலுக்கு யாருண்ணே காசு குடுப்பா?" என்பது அவர் கேள்வி. நியாயம்தான். ஆனால் இருட்டில் மெயின் ரோடு வரை நடப்பது அந்தப் பெண்கள். எதிர்வீட்டு மதினி கூட்டத்தில் பேசியதெல்லாம் இதை மட்டும்தான்: "கார் வச்சிருக்கவுக சுத்தி வந்தா பெட்ரோல்தான போகும். நாங்க லேட்டா போனா அன்னிக்குச் சம்பளமே போகும்."

காலை மாலை மட்டும் ஒருவழி என்பது இடைப்பட்ட வழி. பள்ளி நேரத்து நெரிசலுக்கு மருந்து, மற்ற நேரத்தில் தொந்தரவு இல்லை. ஜீப் அதற்கு முன்பே போய்விடும். எங்கள் தெருவில் இதை ஓட்டிப் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நேரம் எழுதிய போர்டை ஓட்டிக்கொண்டே படிப்பவர் குறைவு என்பது ஒரு சந்தேகம். தினம் தடுப்பை எடுத்து வைத்து மடக்குவது யார் என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். பள்ளிக்கூடமே ஆள் போடுகிற தெருவாக இருந்தால் இதையே முதலில் வைப்பேன்.

இனி ஒருபக்க பார்க்கிங். தெரு இருபது அடி. சாதாரண கார் ஒன்று ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் மிஞ்சுவது எட்டடி, அதில் வேன் ஒன்று போனால் சைக்கிள்கூட ஒதுங்க வேண்டும். ஒரு பக்கம் காலியானால் பதினான்கு அடி. காரும் ஆட்டோவும் சாதாரணமாக விலகும். இரண்டு கார் மெதுவாக விலகும், அந்த மெதுவே எனக்கு வேண்டியது. தீயணைப்பு வண்டிக்கு எட்டடிக்கு மேல் வேண்டும், அதுவும் கிடைக்கிறது. யாரும் எங்கேயும் சுற்ற வேண்டாம், ஆகவே எதிர்த்து வரவும் காரணமில்லை.

எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை வந்தது. ஒற்றைப்படைத் தேதிக்கு ஒரு பக்கம், இரட்டைப்படைக்கு மறுபக்கம் என்றார்கள். நள்ளிரவில் எழுந்து காரை மாற்றிப் போடுவது யார்? அதனால் தேதிக்குப் பதில் மாதக் கணக்கு என்று வைத்தோம். ஒரு மாதம் வடக்கு, அடுத்த மாதம் தெற்கு. முதல் தேதி காலையில் கொஞ்சம் குழப்பம் இருக்கும், மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். தவறிப்போய் நிறுத்தியவரைச் சொல்லித் திருத்த அடுத்த வீட்டுக்காரரே போதும், ஏனென்றால் இடைஞ்சல் அவர் வாசலுக்குத்தான்.

இதிலும் ஓட்டை உண்டு. கல்யாண வீட்டுப் பந்தல் விழுந்தால் ஏற்பாடு அன்றைக்கு அவ்வளவுதான். வெளியூர் வண்டிக்கு இது எந்த மாதம், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஓரத்தில் போட்ட மஞ்சள் கோடு மழைக்கு முன்பே மங்கத் தொடங்கிவிட்டது, பெயின்ட் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறோம். வாடகைக்கு இருப்பவர்களிடம் வசூலிப்பதில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

சபரிமலை சீசனை இந்த ஏற்பாடு இன்னும் பார்க்கவில்லை. மெயின் ரோடு நிரம்பி வண்டிகள் உள்ளே திரும்பும்போது பதினான்கு அடி போதாமல் போகலாம். அந்த இரண்டு மாதத்துக்கு, அதுவும் மாலையில் மட்டும், ஒருவழி கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விடிகாலை ஜீப்பைத் தொடாத வரை எனக்கு ஆட்சேபமில்லை.