பீட்டில் எஞ்சினை வீட்டிலேயே இறக்கித் தந்த டிராலி ஜாக்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையொன்றில் வாங்கிய, சக்கரங்களில் நகரும், இரண்டு டன் வரை தூக்கும் டிராலி ஜாக்கைக் கொண்டு, அஸ்தம்பட்டி வீட்டு முற்றத்தில் என் 1967 ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினை இறக்கினேன். காற்றால் குளிரும் அந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கியர்பாக்ஸோடு நான்கே இடங்களில் முடுக்கப்பட்டிருப்பதால், பேட்டரி, பெட்ரோல் குழாய், கேபிள்கள், ஒயர்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் மீதி வேலை ஜாக்கைத்தான் நம்பியிருக்கிறது. கியர்பாக்ஸின் தண்டு கிளட்சிலிருந்து முழுவதும் விலகும்வரை எஞ்சினைச் சாயவிடாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து, பிறகே தாழ்த்த வேண்டும். ஜாக்கின் வால்வைச் சிறிது சிறிதாகத் திருப்பியபோது, ஏறக்குறைய நூறு கிலோ எடை உலுக்கலே இல்லாமல் விரற்கடை விரற்கடையாக இறங்கியது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. ஜாக்கின் மேல் எடையைத் தாங்கும் கிண்ணம்தான் சிறியது; அதன்மேல் வேப்பம்பலகை வைத்த பிறகே எஞ்சின் ஆடாமல் நின்றது. காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தாமல் கீழே படுக்கவே கூடாது. அவற்றைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.