கேரவன் கேஸ் மூடி: கதவு வெட்டிய பிறகு

பண்டாரவளை மச்சான் என்னுடையதைப் போன்ற கேரவன் ட்ரெய்லர் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். "எப்படிப் போகுது, வாங்கலாமா?" என்று கேட்டார். கட்டில், கூரை, சக்கரம் எதிலும் குறை சொல்ல இடமில்லை. இறம்பொடை வளைவுகளில் பிக்கப்புக்குப் பின்னால் சாதுவாக வருகிறது. எனக்குச் சொல்ல இருப்பது கேஸ் மூடியைப் பற்றித்தான்.

முன்னால், பிக்கப்பில் கொளுவும் சட்டத்தின் மேல், 5 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து மூடியாக ஒற்றை ஃபைபர் கூடு, உச்சியில் விரலால் திருகும் ஒரு விங் நட். வால்வைத் தொட வேண்டுமென்றால் நட்டைக் கழற்றி, கூட்டை முழுசாகத் தூக்கி, சேற்றில் வைக்க வேண்டும். ஓடும்போது கேஸைப் பூட்டியே வைக்க வேண்டும் என்பதால் நிறுத்துமிடத்தில் ஒரு தரம், கிளம்பும்போது இன்னொரு தரம். நுவரெலியா மழையில் விறைத்த விரலால் அந்த நட்டைத் திருகிப் பாருங்கள். ஒரு பிளேன்டீக்கு இவ்வளவு பாடா? செய்து தந்தவர்களிடம் கேட்டேன். "அப்படி இருந்தாத்தான் பார்வையா இருக்கும்" என்றார்கள். பார்க்கிறவன் ரோட்டில் போகிறவன், நனைகிறவன் நான்.

கடைசியில் ஹட்டனில் ஒரு பட்டறையில் கொடுத்து இடது பக்கம் கதவு வெட்டினேன். ரோட்டோரம் நிறுத்தினால் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாமே. பிணைச்சலை மேல் விளிம்பில் போட்டது பட்டறை பாஸின் யோசனை. கதவைத் தூக்கினால் அதுவே கைக்கும் ரெகுலேட்டருக்கும் குடை. கீழே இரண்டு கொக்கி. ஆரம்பத்தில் கடகடவென்று ஆடியது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி விளிம்பைச் சுற்றி ஒட்டிய பிறகு சத்தமே இல்லை.

நீங்களும் வெட்டுவதாக இருந்தால் கூட்டைக் கழற்றி, சிலிண்டர் பக்கத்தில் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். கிரைண்டர் வைத்தால் பொறி பறக்கலாம். சேறு தெறிக்கிறதே என்று அடிப்பக்க இடைவெளியைத் தகரம் வைத்து அடைக்கவே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் இறங்கும், வழி இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளேயே தேங்கும். இணைப்பில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற வேலையும் கதவு வந்த பிறகுதான் ஒழுங்காக நடக்கிறது. முன்பு கூட்டைத் தூக்கும் சோம்பலில் யார் பார்ப்பார்?

நான் எதிர்பார்க்காத லாபம் குளிரில் கிடைத்தது. பட்டிப்பொலப் பக்கம் தை மாத விடியலில் அடுப்பு சுணங்கும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த நாட்களில் புரொப்பேன், பியூட்டேன் என்ற பெயர்கள் லயத்து வாசல்வரை வந்தன அல்லவா, சிலிண்டருக்குள் இருக்கும் அந்த இரண்டின் கலவைதான் விஷயம். புரொப்பேன் -42 பாகைக் குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன் 0 பாகையை நெருங்கும்போதே மக்கர் பண்ணும். சுடர் சுருங்கினால் கேஸ் முடிந்ததா, குளிரா என்று முன்பு தடுமாறுவேன். இப்போது கதவைத் தூக்கி, சிலிண்டர் பக்கவாட்டில் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் தடவிப் பார்க்கிறேன். வெறுமையான பகுதி சூட்டைப் பிடித்துக்கொள்ளும், கேஸ் திரவமாக இருக்கிற மட்டத்துக்குக் கீழே ஜில்லென்று இருக்கும். கதவை அடிவரை நீளமாக வெட்டியதால் இது முடிகிறது.

ஆனாலும் சிலிண்டரை மாற்ற இன்றைக்கும் முழுக் கூட்டையும் தூக்கித்தான் ஆக வேண்டும். அதே நட், அதே சேறு. நேற்று மழையில் மாற்றிவிட்டு வந்து எழுதுகிறேன், அந்தச் சூடும் இதில் கொஞ்சம் இருக்கும்.

மச்சான், இப்போதைக்கு வாங்காதீங்க. இந்த வண்டியிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அந்தக் கதவுதான், அதுவும் நான் காசு கொடுத்துச் செய்தது. விலையை இறக்கியிருக்கிறார்கள் என்கிறீர்கள். மூடியே இல்லாமல் தந்தால் இன்னும் எவ்வளவு இறக்குவார்கள் என்று கேட்டுவிட்டு எனக்குக் கோல் எடுங்க.