அடிக்கடி அறுந்துபோகும் வைஃபை: எக்ஸ்டெண்டரா, வயரா, மெஷ்ஷா?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ரவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது. தங்கச்சியின் மகள் படிப்பது நாலு சுவர் தாண்டிய பின்னறையில். சூம் வகுப்பு நடக்கும்போதே "மாமா, திரும்பவும் நெட் போயிட்டுது!" என்று குரல் வரும். கடைக்காரர், ரவுட்டரின் அலையை வாங்கித் திரும்பப் பரப்பும் எக்ஸ்டெண்டர் போடச் சொன்னார். மச்சானோ, பல பெட்டிகள் ஒரே வைஃபையாக ஓடும் மெஷ்தான் சரி என்றார். எனக்கு அலுமாரியில் கிடந்த பழைய ரவுட்டர் மேல்தான் கண்.

எதையும் வாங்குமுன் அறுவது வைஃபையா, வெளியிலிருந்து வரும் லைனா என்று பார்க்க வேண்டும். பின்னறையில் லாப்டொப்பைத் திறந்து, திரையில் ஒரு ஜன்னலில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) இன்னொன்றில் வெளியே கூகிளின் 8.8.8.8-க்கும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டேன். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தர, இரண்டாவது மட்டும் நின்றால் கோளாறு லைனில். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தாலும் அதே கதைதான். கம்பனிக்கு அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்லா விளக்கும் அணைந்து திரும்ப எரிந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு ஜன்னலும் சேர்ந்தே நின்றன. முன் ஹோலுக்கு லாப்டொப்பைக் கொண்டுபோனால் ஒன்றும் நிற்கவில்லை. ஆக, சுவர்தான் எதிரி.

காசில்லாத வைத்தியம் சனலை, அதாவது வைஃபை ஓடும் அலைப்பாதையை, மாற்றுவது. வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றும்தான். உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளுக்கு நடுவே இருப்பவர்களுக்கு இது நிறைய உதவும். சனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்தால் இன்னும் நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கொங்கிரீட் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணாவைக் கேட்டால், நெட் அறுவதெல்லாம் துறைமுகத்துக் கப்பல்களின் ராடார் செய்யும் வேலைதான். கப்பல் வழிகாட்டும் ராடார்கள் ஓடுவது 3, 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம், வைஃபைக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் அவர் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சனல்கள் வானிலை ராடார் போன்றவற்றோடு பங்கிட்டுக்கொள்பவை. ராடார் கேட்டதாக ரவுட்டர் தவறாக நினைத்தாலும் உடனே அந்தச் சனலை விட்டு வெளியேற வேண்டும், 30 நிமிடம் திரும்ப வரக்கூடாது. 36 முதல் 48-க்குள் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, எக்ஸ்டெண்டர். பின்னறையிலேயே செருகினேன். ஃபோனில் நாலு கோடும் நிறைந்தது, வகுப்பு அறுந்தது அறுந்ததுதான். அந்த நாலு கோடு எக்ஸ்டெண்டருக்கும் ஃபோனுக்கும் இடையிலானது. எக்ஸ்டெண்டருக்கே ரவுட்டர் சரியாகக் கேட்கவில்லையே! நடுவில், குசினி வாசலுக்கு மாற்றியதும் அறுவது குறைந்தது. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். அதோடு மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பக்கத்திலேயே ஓடுவது. மாமி கறி சூடாக்கினால் வகுப்பு தடுமாறும்.

கடைசியில், பின்னறையில் வைத்து முதல் ரவுட்டரோடு வயரால் இணைக்கப் பழைய ரவுட்டரை எடுத்தேன். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை (மற்றக் கருவிகளுக்கு முகவரி பங்கிடுவது) நிறுத்தி, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளதையே கொடுத்து, சனலை மட்டும் வேறாக வைத்தேன். கேட்-6 நெட்வேர்க் வயரை இரண்டிலும் லான் (வீட்டுக் கருவிகளுக்கான) துளைக்கே செருக வேண்டும், வான் (வெளி லைனுக்கான) துளைக்கு அல்ல. வயர் 100 மீற்றர் வரை தாங்கும். எங்களுக்கு 20 மீற்றரே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து பின்னறையில் வேகம் ஹோலில் இருப்பதேதான்.

ஆனால் இது கடற்காற்று ஊர். கூரை விளிம்போடு வெளியே இழுத்த வயர் ஒரு வருடத்தில் தகராறு பண்ணியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பதுபோலப் பச்சைக் களிம்பு. ஒரு அங்குலம் வெட்டி, புதுப் பிளக் அடித்து, வெளிச்சுவருக்குப் பக்கத்தில் இருந்த முனையை அறைக்குள்ளே தள்ளி வைத்தேன். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயர் இங்கே வேண்டவே வேண்டாம்.

மெஷ் மச்சான் வீட்டில் ஓடுகிறது. மாடி வீடு, வாடகை வீடு என்பதால் சுவரில் துளையிட முடியாது. அங்கே அதுதான் சரி. நடமாடிக்கொண்டே பேசினாலும் ஃபோன் ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு அலுங்காமல் மாறுகிறது. விலைதான் கடிக்கும். கம்பி நிறைந்த கொங்கிரீட் தளத்துக்கு மேலொன்று கீழொன்று நேராக வைத்தால் எக்ஸ்டெண்டரின் நோய் அதற்கும் வரும். அவர் படிக்கட்டுத் திறப்புப் பக்கமாக நகர்த்திய பிறகே ஒழுங்கானது. சொந்த வீடு, துளையிடலாம் என்றால் நான் மெஷ்ஷுக்குக் காசு கொடுக்கமாட்டேன்.

எக்ஸ்டெண்டர் இப்போது பக்கத்து வீட்டு அண்ணாவிடம். மொட்டைமாடியில் இருந்து பாட்டுக் கேட்க அது போதும் என்கிறார். நின்று நின்று வந்தால், துறைமுகத்தில் கப்பல் வந்திருக்கிறதாம்.