கொல்லிமலைப் பண்ணை வீடு: தங்க நன்று, வாங்கச் சொன்னால் பட்டாவைக் கேளுங்கள்

வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் நானும் வீட்டுக்காரரும் நாத்தனாரும் போய்த் தங்கினோம். அறை வாடகைக்கு விடுவது அவர்களுக்கு உபதொழில்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவை இருபது இருபது சென்ட்டாகப் பிரித்து விற்பதுதான் அசல் தொழில். அதனால் இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். நிலம் என்று யாராவது பேச்செடுத்தால் சிட்டா (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) எங்கே என்று கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாத்தனார் ஒவ்வொரு வளைவின் எண்ணையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார், பாதி மலையில் குரல் நின்றுவிட்டது. வாந்தி வருகிறவர்கள் அடிவாரத்திலேயே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தின்பண்டப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க வேண்டாம், குரங்குகள் காத்திருக்கின்றன. ராசிபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாகவும் பாதை இருக்கிறது.

அறைக்கு ஓர் இரவுக்கு 2,600 ரூபாய். ஓட்டு வீடு, துவைத்த விரிப்பு, நாற்றமில்லாத கழிப்பறை. சுடுதண்ணீர் விறகு பாய்லரில் போடுகிறார்கள், காலை எட்டு மணிக்கு மேல் எழுந்தால் பச்சைத் தண்ணீர்தான். ராத்திரி மின்சாரம் போனது. மாற்று மின்சாரத்தில் விளக்கு மட்டும் எரிந்தது, செல்போன் சார்ஜ் ஏறவில்லை. ஜூன் மாதத்திலும் மின்விசிறி வேண்டியிருக்கவில்லை என்பதால் யாருக்கும் கோபம் வரவில்லை.

சாப்பாட்டுக்கு மட்டும் முழு மதிப்பெண் தருவேன். அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர்தான் சமைக்கிறார். முதல் நாள் சாயங்காலம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வந்தது. அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் கடைக்குக் கடை விற்கிறார்களே, அதேதான். ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மிளகுத் தண்ணீர். இவர் கிழங்கின் மேலிருக்கும் ரோமத்தைச் சீவி, நசுக்கி, சின்ன வெங்காயத்தோடு கொதிக்க விட்டிருந்தார். பெயர் ஆட்டுக்கால் மாதிரி இருந்தாலும் சுத்த சைவம். மூட்டு வலிக்கு நல்லது என்கிறார்கள். என் முழங்காலைக் கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை, நாக்கு மட்டும் இன்னொரு டம்ளர் கேட்டது.

மறுநாள் மதியம் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். “ஏம்மா, சாமை இங்கேயே விளையுதா?” என்றேன். “எங்க வீட்டுக்குன்னு கொஞ்சம் போடுறோம்மா. மத்தபடி எல்லாரும் மரவள்ளிதான். லாரி வந்து ஏத்திட்டுப் போவுது, கையில காசு வருது” என்றார். சேலம், ராசிபுரம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற கிழங்கு அது. சாமை, தினை, கேழ்வரகு போட்ட மேடுகள் மரவள்ளிக்கு மாறிய கதை கொல்லிமலையில் பழையது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களாக இங்கே சிறுதானியத்தை மீட்க வேலை செய்கிறது. கையால் உரலில் குத்துகிற பாடு இருந்தவரை பெண்கள் சாமையை விட்டு விலகத்தான் செய்தார்கள், அரவை இயந்திரம் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். பட்டணத்து ஓட்டலில் சாமைப் பொங்கலுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுக்கிறோம், அதில் இந்த அம்மாவுக்கு எவ்வளவு வருகிறதோ.

பலாப்பழம் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை, முழுப் பழத்தையே அறுத்து நடுவில் வைத்துவிட்டார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. ஆகாய கங்கை அருவிக்குக் கூட்டிப்போக ‘கைடு’ என்று 500 ரூபாய் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே படி தொடங்குகிறது, ஆயிரத்துக்கு மேல் படிகள், வழி தவற இடமே இல்லை. இறங்குவது பெரிதல்ல. ஏறி வரும்போதுதான் வயது தெரியும்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பையன் டேப்லெட்டோடு வந்தான். மரியாதையான பையன். “மேடம், சில்வர் ஓக் ரெடியா நிக்குது, மிளகு ஏத்திட்டோம், நாலாவது வருஷத்துலேர்ந்து வருமானம். நீங்க ஊர்ல இருந்தா போதும், எல்லாம் நாங்க பார்த்துக்குவோம்.” போய்ப் பார்த்தோம். மரங்கள் நன்றாகத்தான் இருந்தன. கொடி முழங்கால் உயரம்கூட இல்லை. மிளகு மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும் என்பது பொய்யில்லை, ஆனால் முழு விளைச்சலுக்கு ஏழெட்டு வருடமாகும். மழைக்காலத்தில் வாடல் நோய் வந்தால் கொடி சில வாரங்களிலேயே பட்டுப்போகும். ஏணி வைத்துப் பறிக்க ஆள் கூலி உண்டு. பராமரிப்புக் கட்டணம் மட்டும் முதல் வருடத்திலிருந்தே வசூல்.

காகிதத்தைக் கேட்டேன். பல பேர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவின் ஜெராக்ஸ் வந்தது. உட்பிரிவு ஆகவில்லை, அதாவது அவரவர் பங்கைத் தனித்தனியாக அளந்து எண் கொடுக்கவில்லை. எல்லைக்குச் சுண்ணாம்பு பூசிய கல் நட்டிருக்கிறார்கள், அந்தக் கல் புலப்படத்தில் (அரசின் நில அளவை வரைபடத்தில்) இல்லை. மனைக்குப் போகும் பாதை வேறொருவர் காப்பித் தோட்டத்துக்குள் போகிறது. நிலம் அரசினுடையதா தனியாருடையதா என்று காட்டும் அ-பதிவேட்டு நகல் கேட்டதற்கு “ஆபீஸ்ல இருக்கு மேடம்” என்றான். எந்த ஆபீஸ் என்று அவனுக்கும் தெரியவில்லை பாவம்.

கொல்லிமலையில் இந்தக் காகிதம் வெறும் சம்பிரதாயம் இல்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் அல்ல) ஊர் இது. அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா என்றால், நிபந்தனையை மீறி விற்ற நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்கவே முடியாது. கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் (மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) வைத்திருக்கும் பட்டியலில் இருந்தால் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் தனி அனுமதி வேண்டும். அந்த சில்வர் ஓக்கைப் பிற்பாடு வெட்டி விற்கலாம் என்கிறார்களே, அதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று வனத்துறையில் எழுத்தில் கேளுங்கள். வில்லங்கத்தை, அதாவது நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றை, பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தாய்ப்பத்திரத்தை (நிலம் முன்பு யாரிடமிருந்து கைமாறியது என்று காட்டும் பழைய பத்திரத்தை) மட்டும் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இந்த வேலை முழுக்க முடிந்து எல்லாம் சரியாக இருந்தாலும், அது வருமானம் தருகிற முதலீடு என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அங்கே போய் இருக்க ஆசை இருந்தால் மட்டும் பாருங்கள்.

அங்கேயே குடியேறலாமா என்று வீட்டுக்காரர் சமையல்காரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு, “ஐயாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டாங்கய்யா?” என்றார். மலைமேலேயே செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய வைத்தியம் என்றால் நாமக்கல்தான், ராத்திரியில் அந்த வளைவுகளில் இறங்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது என்றார். அவருடைய பெண்ணே கீழே விடுதியில் தங்கித்தான் படிக்கிறாள். வீட்டுக்காரர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தங்குவதற்கு நான்கு நட்சத்திரம், நில வியாபாரத்துக்கு ஒன்று, அதுவும் அந்தப் பையனின் பொறுமைக்கு. ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் கோயில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அப்போது வாடகை ஏறிவிடும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கீழ் அறையில் பாய்லர் புகை வருகிறது, மேல் அறையாகக் கேளுங்கள். முடவாட்டுக்கால் சூப் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.