மின்னூல் கோப்புகளும் காலிபரும்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பல ஆண்டுகளாக மின்னூல்கள் வாசிக்கிறேன். இதற்குள் வாசிப்புக் கருவி மாறிவிட்டது, செயலிகள் மாறிவிட்டன. மாறாமல் கூடவே வருவது, மின்னூல்களை அடுக்கி வைக்கவும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் உதவும் காலிபர் மட்டும்தான். சோனியின் வாசிப்புக் கருவி லினக்ஸில் வேலை செய்யாததால் கோவிட் கோயல் 2006இல் தனக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. இன்றும் இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரியது.

கோப்பு வடிவங்களில் இபப் எனக்குப் பிடித்தது. அது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இணையப் பக்கங்களைப் போன்ற ஹெச்டிஎம்எல் பக்கங்கள், படங்கள், எழுத்துரு எல்லாம் தனித்தனியாக இருக்கும். அதனால்தான் இபப்பிலிருந்து, அமேசானின் கிண்டில் கருவிக்கான ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றும்போது பெரிதாக எதுவும் சிதைவதில்லை. கிண்டிலின் பழைய வடிவமான மோபியில் எழுத்துருவை உட்பொதிக்க வழியில்லை. அதை இனி யாரும் தேட வேண்டாம். கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் அமேசான் சேவையே 2022இல் இபப்பை ஏற்கத் தொடங்கி, பிறகு மோபியைக் கைவிட்டுவிட்டது.

பிடிஎஃப்தான் பாடாய்ப் படுத்துகிறது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதற்கு முக்கியம். பத்தி எங்கே முடிகிறது என்பது பெரும்பாலான கோப்புகளில் பதிவாகியே இருக்காது. மாற்றினால் வரிகள் பாதியில் உடையும், பக்க எண் வாக்கியத்துக்கு நடுவே வந்து உட்காரும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். மாற்றிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். யூனிகோடு கோப்பிலும்கூட ஒற்றைக்கொம்பு இடம் மாறி முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நூல்களை பக்கப் படத்திலிருந்து எழுத்துகளை அடையாளம் காணும் டெசராக்ட் என்ற மென்பொருள் மூலம் உரையாக்கி, காலிபரின் திருத்தியில் வரிவரியாகச் சரிபார்க்கிறேன். வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும். பிடித்த புத்தகம் என்றால் அந்த உழைப்பு எனக்குச் சுமையாகத் தெரிவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பொறுமை இருந்தால் வழி உண்டு. நூலைப் படியெடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ விடாமல் கடைகள் போடும் டிஆர்எம் பூட்டுக்கு அந்த வழி இல்லை. பூட்டிய கோப்பைக் கொடுத்தால் காலிபர் மாற்ற மறுத்துவிடும். ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய நூல்களை, கருவி மாறியதும் என்னால் திறக்க முடியவில்லை. அந்தக் கடையின் செயலி புதிய கருவிக்குக் கிடையாது. திருட்டுப் படி வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

கடை மூடினால் நிலைமை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், சரி. குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். ஓரத்தில் எழுதிய குறிப்புகளுக்கு விலை போட முடியுமா? கிண்டிலும் 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை நிறுத்திவிட்டது.

இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் விவரப் பக்கத்தில் பூட்டு உண்டா என்று பார்த்துவிடுகிறேன். பூட்டுக்குப் பதிலாக, வாங்கியவர் பெயரை நீர்க்குறியாகப் பதித்துத் தரும் பதிப்பகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் தயங்காமல் வாங்குகிறேன். வந்த இபப்பைத் தொடாமல் அப்படியே இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, அப்புறம் அதன் நகலைத்தான் காலிபரில் மாற்றுகிறேன்.