அப்பாவின் வயதை இருபது குறைத்து எடுத்த கார் இன்சூரன்ஸ்: லண்டனில் பெற்றோர் கார் ஓட்டுகிறவர்கள் கவனிக்கவும்

வடமேற்கு லண்டன் பக்கம் எழுபது வயது தாண்டிய நம் ஆட்களைத் தேடிப் பிடித்து, "குறைஞ்ச காசுக்குக் கார் இன்சூரன்ஸ் எடுத்துத் தாறன்" என்று ஒருவர் திரிகிறார். கோயில் மண்டபத்திலும் செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் அவருடைய நம்பர் கை மாறுகிறது. என் அப்பாவிடமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் அந்த ஆளின் பெயரை எழுத மாட்டேன். அவர் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன். ஏனென்றால் இப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

அப்பா 1947இல் பிறந்தவர். எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கார் ஓட்டுகிறார். பல வருடங்களாக ஒரு க்ளெய்ம்கூட இல்லை. ஓட்டுவது ஒரு சின்ன டொயோட்டா. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, கோயிலுக்கு, மரக்கறிக் கடைக்கு, அவ்வளவுதான். கடந்த வருடம் புதுப்பிக்கும் கடிதம் வந்தபோது 540 பவுணாக இருந்த பிரீமியம் 1,310 பவுண் ஆகியிருந்தது. அதே கார், அதே வீடு, அதே ஆள்.

ஏன் ஏறியது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரணம் புரியாததால்தான் வயதானவர்கள் "இது அநியாயம், வேறு யாராவது ஒருவர் செய்து தருவார்" என்று நினைக்கிறார்கள். 2023இன் முதல் காலாண்டில் பிரிட்டனில் சராசரி கார் காப்புறுதி 478 பவுண். ஒரே வருடத்தில், 2024இன் முதல் காலாண்டில், அது 635 ஆனது என்று பிரிட்டிஷ் காப்புறுதி நிறுவனங்களின் சங்கமே சொன்னது. உதிரிப்பாக விலை, கராஜ் கூலி, கார்த் திருட்டு எல்லாம் சேர்ந்து ஏற்றிய ஏற்றம் அது. பிறகு சராசரி ஓரளவு இறங்கியது, ஆனால் வயதானவர்களுக்கு இன்னொரு ஏற்றம் தனியாக இருக்கிறது. அறுபதுகளில் இருப்பவர்களுக்குத்தான் பொதுவாக ஆகக் குறைந்த விலை கிடைக்கும். எழுபதைத் தாண்டினால் கோடு மேலே திரும்பும், எழுபத்தைந்துக்குப் பிறகு இன்னும் செங்குத்தாகும். விபத்து நடந்தால் வயதான உடம்புக்குக் காயம் பெரிதாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு வயதுக்கு மேல் பல நிறுவனங்கள் விலையே சொல்லாமல் விலகிவிடுவதால் மிச்சம் இருப்பவர்களுக்குள் போட்டியும் குறைவு.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் நான் பிறகுதான் தேடிப் படித்தேன். ஆண், பெண் என்று பார்த்து விலை வைப்பது 2012 டிசம்பர் 21 முதல் தடை. வயதைப் பார்த்து விலை வைப்பதற்கு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. அதற்கு நம்பகமான தரவு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பழைய வாடிக்கையாளரிடம், அதே விவரமுள்ள புதியவரிடம் கேட்பதைவிடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ 2022 ஜனவரி 1 முதல் விதி கொண்டு வந்திருக்கிறது. ஆனால் 78 வயதுப் பழையவரும் 78 வயதுப் புதியவரும் ஒரே பெரிய தொகையைக் கொடுத்தால் அந்த விதி மீறப்படவில்லை. எனவே விலை ஏறியதை மட்டும் வைத்து நாங்கள் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வருவது அடுத்து நடந்ததில்தான். அப்பா தன் காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் எடுத்தார். நீண்ட நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, கணினி போடுகிற விலை, தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று முடித்துவிட்டார்கள். வேறு இரண்டு இடங்களில் வயதைக் கேட்டதுமே "உங்களுக்குத் தர முடியாது" என்றார்கள். பிரிட்டனில் இதற்கென்று 2012 முதல் ஓர் உடன்பாடு இருக்கிறது. அரசாங்கமும் காப்புறுதி நிறுவனங்களின் சங்கமும் தரகர்கள் சங்கமான பீபாவும் சேர்ந்து செய்தது. வயது காரணமாக ஒருவரை மறுக்கும் நிறுவனம், அவருக்குத் தரக்கூடிய இன்னொரு இடத்தையோ பீபாவின் தரகர் தேடும் சேவையையோ காட்டிவிட வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் யாரும் அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. இனி உங்கள் அம்மா அப்பாவை யாராவது வயதைச் சொல்லி மறுத்தால், "அப்படியென்றால் எங்கே போகலாம் என்று சொல்லுங்கள், சொல்வது உங்கள் பொறுப்பு" என்று கேளுங்கள்.

அப்பா பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பாதவர். கடிதத்தை எங்களிடம் காட்டவில்லை. கோயிலில் தெரிந்த ஒருவர் கொடுத்த நம்பருக்கு எடுத்தார். அந்த ஆள் மிக மரியாதையாகப் பேசியிருக்கிறார்.

"ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. லைசென்ஸைப் படம் எடுத்து அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

700 பவுண் கேட்டார். 200 கையில், 500 தன் சொந்த வங்கிக் கணக்கில். அன்று மாலையே வட்ஸ்அப்பில் காப்புறுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் சான்றிதழ். அப்பாவின் பெயர், காரின் இலக்கம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் சரி. காருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்க்கும் தேசியத் தரவுத்தளத்தில் இலக்கத்தைப் போட்டால் "இருக்கிறது" என்று வரும். அது போலிச் சான்றிதழ் இல்லை, உண்மையான பாலிசிதான். இந்த மோசடியை ஆகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சான்றிதழில் பிறந்த தேதி இருக்காது. வேலை, நோய், பழைய விபத்து ஒன்றும் இருக்காது. அந்த விவரங்கள் இன்னொரு தாளில் இருக்கும். நீங்கள் சொன்னவை என்று நிறுவனம் பதிந்து வைத்திருக்கும் விவரத் தாள் அது. அது மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சல் முகவரி அப்பாவுடையது இல்லை, அந்த ஆள் தானே உண்டாக்கியது. அப்பாவின் கண்ணுக்கு வந்தது சான்றிதழ் மட்டும்.

சில மாதங்கள் போயின. ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது அப்பாவின் கார் பக்கத்துக் காரின் கதவில் இடித்தது. யாருக்கும் காயம் இல்லை. அப்பா முறைப்படி விவரம் கொடுத்து, வீட்டுக்கு வந்து, சான்றிதழில் இருந்த நம்பருக்கு எடுத்தார். அன்று நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். நிறுவனத்தில் போனை எடுத்த பெண் அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்டார். அப்பா சொன்னார். மறுபடி கேட்டார். அப்பா மறுபடி சொன்னார். "எங்களிடம் இருக்கும் தேதியுடன் பொருந்தவில்லை, உங்களுடன் மேற்கொண்டு பேச முடியாது" என்றார். அப்பாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தன் பிறந்த நாளைத் தானே பிழையாகச் சொல்லிவிட்டாரோ என்று அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு கடிதம் எழுதி அந்த விவரத் தாளை எடுப்பித்தோம். பிறந்த ஆண்டு 1967. ஓய்வு பெற்றவர் என்பதற்குப் பதில் அலுவலக ஊழியர். அப்பா இன்சுலின் போடுகிறவர், அதைச் சாரதி அனுமதிப்பத்திர அலுவலகமான டி.வி.எல்.ஏ-வுக்கு ஒழுங்காக அறிவித்தும் இருக்கிறார். இந்தத் தாளிலோ ஒரு நோயும் இல்லை. பிரீமியம் 410 பவுண் மட்டும். மிச்சம் 290 அந்த ஆளின் சட்டைப்பைக்கு.

நிறுவனம் பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கிவிட்டது. 2012ஆம் ஆண்டின் ஒரு சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது: வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ பொய் விவரம் கொடுத்தால் பாலிசியை ரத்துச் செய்யலாம், கட்டிய காசையும் திருப்பித் தரத் தேவையில்லை. இடிபட்ட காரின் சொந்தக்காரருக்கு நிறுவனம் பணம் கொடுத்தது, பிறகு அந்தத் தொகையைக் கேட்டு எங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அப்பாவின் காரை எங்கள் செலவில் திருத்தினோம்.

எல்லாவற்றையும்விடப் பாரமானது வேறு. இங்கே எந்த இடத்தில் கார் காப்புறுதி கேட்டாலும் ஒரு கேள்வி வரும்: உங்கள் காப்புறுதி எப்போதாவது ரத்துச் செய்யப்பட்டதா, செல்லாததாக்கப்பட்டதா? இப்போது அப்பா "ஆம்" என்று சொல்ல வேண்டும். அந்த "ஆம்" வந்ததும் பாதி இடங்கள் கதவைச் சாத்துகின்றன, மிச்சம் கேட்கும் தொகைக்கு முன்னால் அந்த 1,310 சின்னத் தொகை. நாற்பது வருடம் நேர்மையாக ஓட்டிய மனிதரின் பெயரில் யாரோ செய்த பொய் பதிந்து கிடக்கிறது. பணம் போனதைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அந்த ஆளின் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. வங்கிக் கணக்குக்குப் போன 500 பவுணை அப்பாவின் வங்கி விசாரித்துவிட்டுத் திருப்பித் தந்தது. 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் உள்ள விதி அது: ஏமாற்றப்பட்டு நாமே இன்னொரு கணக்குக்கு அனுப்பிய பணத்தையும் வங்கி, 85,000 பவுண் வரை, திருப்பித் தர வேண்டும். 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். கையில் கொடுத்த 200 போனது போனதுதான். லண்டன் சிட்டி பொலிஸில் காப்புறுதி மோசடிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, விஷயம் பொலிஸுக்குப் போய்விட்டது. செல்லாததாக்கியதை மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டோம், மறுத்துவிட்டார்கள். இப்போது நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் இருக்கிறது. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். அங்கே முறையிடுவதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

"வயது போன பிறகு ஏன் ஓட்ட வேண்டும், பஸ் இலவசம்தானே" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். அம்மாவால் பஸ் நிறுத்தம் வரை நடக்க முடியாது. இந்த நாட்டில் எழுபது வயதானதும் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இருபது மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட்டை வாசிக்கக் கண் இருக்க வேண்டும், நோய் இருந்தால் சொல்ல வேண்டும். அப்பா இதெல்லாம் செய்தவர்.

இனி யாராவது தரகர் வந்தால், அவர் சொல்லும் நிறுவனத்தின் பெயரை எஃப்.சி.ஏ-வின் பதிவேட்டில் தேடுங்கள், அங்கே இருக்கும் நம்பருக்கு நீங்களே எடுத்துப் பேசுங்கள். அவர் தரும் நம்பரை நம்ப வேண்டாம். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள். மின்னஞ்சல் முகவரி உங்கள் வீட்டாருடையதாக இருக்கட்டும், அந்த விவரத் தாளை வரிக்கு வரி வாசியுங்கள். இங்கிலீஷ் சிரமம் என்றால் பேரப்பிள்ளை வாசிக்கட்டும்.

நேர்வழியிலும் கொஞ்சம் குறைக்கலாம். முடியும் தேதிக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே விலை பார்த்தால் கடைசி நாளில் பார்ப்பதைவிடக் குறைவாக வரும். வருடத்துக்கு எத்தனை மைல் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள், பெரும்பாலான வயதானவர்கள் தாங்கள் ஓட்டுவதைவிடக் கூடுதலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே காரை உண்மையாகவே இடைக்கிடை ஓட்டும் மகனையோ மகளையோ இரண்டாவது சாரதியாகச் சேர்த்தால் சில இடங்களில் இறங்கும். ஆனால் அப்பா தினமும் ஓட்டும் காருக்கு மகளைப் பிரதான சாரதி என்று போடாதீர்கள், அதுவும் பொய் விவரம்தான், அதுவும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். முடிந்தால் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டுங்கள், மாதத் தவணைக்குப் பெரும்பாலும் வட்டி உண்டு.

எங்களுக்கு நடந்ததைக் கேட்டபிறகு அதே ஆளிடம் எடுத்த இன்னொரு குடும்பம் தங்கள் நிறுவனத்துக்கு எடுத்து விவரத் தாளைக் கேட்டது. அங்கேயும் பிறந்த ஆண்டு பிழை. விபத்து ஒன்றும் நடப்பதற்கு முன் தாங்களாகவே சொன்னதால் நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கவில்லை, வித்தியாசத் தொகையைக் கட்டச் சொன்னது. பெரிய தொகைதான், கட்டிவிட்டார்கள். அந்த ஆளிடம் நீங்கள் எடுத்திருந்தால் இன்றைக்கே போன் எடுத்து, உங்கள் பிறந்த தேதி என்னவென்று பதிந்திருக்கிறது என்று கேளுங்கள்.