விறகடுப்புக் கதவின் கண்ணாடி: பல குளிர்காலப் பாவனை அனுபவம்

நோர்வேயில் விறகடுப்பு வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "கதவுக் கண்ணாடி வெடிச்சுப் போச்சு, எத்தனை பாகை தாங்கிற கண்ணாடி வாங்கவேணும்?" என்பதுதான். கேள்வி சரி. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்கவேண்டும்: பழைய கண்ணாடி எதனால் வெடித்தது? அது தெரியாமல் எவ்வளவு விலையானதைக் கொண்டுவந்து போட்டாலும் அடுத்த குளிருக்குள் அதே மூலையில் அதே கீறல் வந்துவிடும். எங்கள் வீட்டு அடுப்பைப் பல குளிர்காலம் எரித்து, கண்ணாடி மாற்றி, கதவின் இடைவெளியை அடைக்கும் நார் மாற்றி, நண்பர்கள் சிலருடைய அடுப்புக் கதவுகளையும் கழற்றிப் பூட்டிக்கொடுத்த பிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஒஸ்லோவுக்கு வெளியே. வாங்கும்போதே வரவேற்பறையில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு இருந்தது. 1998இலிருந்து நோர்வேயில் விற்கப்படும் புதிய விறகடுப்புகள், புகையை வெளியே விடாமல் இன்னொரு தடவை எரிக்கும் வகையாக இருக்கவேண்டும் என்பது விதி. எங்களுடையது அந்த வகை. கதவு முழுக்கக் கண்ணாடி. அதன் கீழ் மூலையில் நகத்தின் நீளத்துக்கு ஒரு கீறல். சனி, ஞாயிறு மட்டும் எரித்த காலத்தில் அந்தக் கீறல் அப்படியே கிடந்தது. 2021 கடைசியில் தென் நோர்வேயில் மின்சார விலை ஏறிய ஏற்றத்தில் அடுப்பு தினசரித் தேவையாகிவிட்டது. கொஞ்ச நாளில் கீறல் குறுக்கே ஓடி மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் கடையில் அளவைக் கொடுத்து, அடுப்புக் கதவுக்கு என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன். "சூடு தாங்கும்" என்று தந்தார்கள். தந்தது கடினப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. நல்ல குளிர் இறங்கிய ஒரு மாலை, அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது படாரென்று உதிர்ந்து விழுந்தது. அடுப்பின் முன்னால் கல் பலகை இருந்ததால் தரை தப்பியது. பிள்ளைகள் அந்த நேரம் மேல்மாடியில் இருந்தார்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் கண்ணாடி வகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

ஜன்னலில் இருக்கிற சாதாரணக் கண்ணாடியைச் சூடாக்கி, காற்றடித்துத் திடீரென்று குளிரவைத்தால் கடினப்படுத்திய கண்ணாடி கிடைக்கும். காரின் பக்கக் கண்ணாடி இதுதான். அடி தாங்கும். ஆனால் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் தொடர்ந்து வைத்திருந்தால் அந்தக் கடினம் மெல்ல மெல்லக் கழன்றுபோகும். அடுப்புக் கதவில் நடுப்பகுதி கொதிக்கும், சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு அவ்வளவு சூடாகாது. நடு விரியப் பார்க்கும், விளிம்பு விடாது. அதில்தான் உடைகிறது. சமையலறை மின் வெதுப்பியின் கதவுக்கு இது போதும், விறகடுப்புக்கு ஆகாது.

அடுத்தது போரோசிலிக்கேற். ஆய்வுகூடக் குடுவைகள் செய்யும் கண்ணாடி. ஒட்டோ ஷொட் என்ற வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேர்மனியின் யேனா நகரில் உருவாக்கியது. சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். 450, 500 பாகை வரை தாளும். சுவாலை கண்ணாடியை அண்டாத சிறிய அடுப்புகளில் காலம் தள்ளிவிடலாம். நான் போடமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

கடைசி வகைக்குக் கண்ணாடிச் செராமிக் என்று பெயர். இன்றைய நல்ல அடுப்புக் கதவுகளில் இருப்பது இதுதான். ஜேர்மனியின் ஷொட் நிறுவனம் ரோபாக்ஸ் என்ற பெயரிலும், ஜப்பானின் நிப்பொன் எலெக்ற்றிக் கிளாஸ் நிறுவனம் நியோசெராம் என்ற பெயரிலும் விற்கின்றன. இது வந்த விதம் சுவையானது. 1953இல் அமெரிக்காவின் கோர்னிங் ஆய்வுகூடத்தில் ஸ்ரூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகையில் சூடாக்க வைத்தார். உலை பிசகி 900 பாகைக்குப் போய்விட்டது. கண்ணாடி உருகி ஓடியிருக்கும் என்று திறந்தவருக்குக் கிடைத்தது பால் நிறத்தில் ஒரு தகடு. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் விளைந்திருந்தன. நம் அடுப்புக் கண்ணாடியில் அந்தப் படிகங்கள் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியவை, அதனால் உள்ளே எரியும் நெருப்பு தெளிவாகத் தெரிகிறது. சூட்டில் படிகம் சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள கண்ணாடி விரியப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் மொத்தத்தில் விரிவு கிட்டத்தட்டப் பூச்சியம்.

40 சென்ரிமீற்றர் அகலக் கண்ணாடி 500 பாகை சூடேறினால் சாதாரணக் கண்ணாடி 1.8 மில்லிமீற்றர் விரியும். போரோசிலிக்கேற் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கண்ணாடிச் செராமிக்கில் அளந்து கண்டுபிடிக்கக்கூடிய விரிவே இருக்காது. சூடான கண்ணாடியில் தண்ணீர் தெறித்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. 700 பாகை அளவு வரை தாங்கும். வீட்டு விறகடுப்பின் கதவுக் கண்ணாடி சாதாரணமாக அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை.

அப்படியானால் இது ஏன் வெடிக்கிறது? இந்த வகைக் கண்ணாடியை வெப்பம் உடைப்பது மிக அரிது. நான் கழற்றிப் பார்த்த கதவுகளில் எல்லாம் காரணம் வேறு. ஒன்று, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த விறகைக் கதவால் தள்ளிச் சாத்தியிருப்பார்கள். மற்றது, கண்ணாடி அசையமுடியாமல் எங்கோ இறுகிப்போயிருக்கும்.

இந்த இரண்டாவது காரணத்தை நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும். கண்ணாடி விரிவதில்லை, ஆனால் அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் விரிகிறது. 40 சென்ரிமீற்றர் வார்ப்பிரும்பு 250 பாகை ஏறினால் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். இரவு அடுப்பு அணைந்ததும் அது பழையபடி சுருங்கும். ஒவ்வொரு நாளும் இந்த இழுபறி நடக்கிறது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மென்மையான நார் இருந்தால் அது இந்த அசைவை விழுங்கிவிடும். நார் பழசாகிக் கல்லாகிவிட்டாலோ, இடைவெளியில் சாம்பலும் துருவும் அடைந்துவிட்டாலோ, சுருங்கிவரும் இரும்பு கண்ணாடியின் விளிம்பை நேரடியாக நெரிக்கும். காலையில் எழுந்து பார்க்கும்போது, நேற்றிரவு நன்றாக இருந்த கண்ணாடியில் மூலையிலிருந்து ஒரு கீறல் நிற்கும். "எரியும்போது ஒன்றும் ஆகவில்லையே" என்று ஆட்கள் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

எங்கள் கதவைக் கழற்றியபோது, முதல் கண்ணாடியில் கீறல் தொடங்கிய மூலையில் இருந்த திருகாணி துருப்பிடித்து, கண்ணாடியைப் பிடித்திருக்கும் அதன் பிடி கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. நார் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த பொருக்குத்தான் இருந்தது.

மாற்றும் வேலைக்கு ஒரு பின்னேரம் போதும், அதில் பாதி திருகாணிகளுக்குப் போய்விடும். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிடுங்கள். கதவைக் கழற்றி, பழைய துணி விரித்த மேசையில் கிடத்தி வேலை செய்யவேண்டும். தொங்கும் கதவில் செய்தால் கடைசித் திருகாணி கழன்றதும் கண்ணாடி காலில் விழும். இறுகிப்போன திருகாணியைப் பலத்தால் திருகினால் தலை முறிந்துவிடும், பிறகு துளைபோட்டு எடுக்கவேண்டியதுதான். அடுப்பு 1980களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்றால் நாரைச் சுரண்டவே வேண்டாம். அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும், அந்த வேலை அதற்குப் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது.

அளவெடுக்கும்போது பழைய கண்ணாடியை வைத்தே எடுப்பது நல்லது. உடைந்த துண்டுகளை ஒட்டுநாடாவால் சேர்த்து அட்டையில் வரைந்துகொள்ளலாம். பழையது இல்லையென்றால் சட்டத்தின் உட்பள்ளத்தை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் 4, 5 மில்லிமீற்றர் குறைத்துச் சொல்லுங்கள், ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றராவது இடைவெளி கிடைக்கும். தடிப்பு பெரும்பாலும் 4 மில்லிமீற்றர், சில பெரிய கதவுகளில் 5. இதில் "கொஞ்சம் தடிப்பாகவே இருக்கட்டும்" என்ற எண்ணம் வேண்டாம். 4 இருந்த இடத்தில் 5 போட்டால் நாருக்கு இடமில்லாமல் பிடிகள் கண்ணாடியை அமுக்கும்.

தட்டையான நீள்சதுரக் கண்ணாடி என்றால் அளவுக்கு வெட்டிக்கொடுக்கும் கடையில் வாங்கலாம். அடுப்புக் கம்பனியின் உதிரிப்பாகமாக வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு, பொருள் ஒன்றுதான். வளைந்த கண்ணாடியோ, வெப்பத்தை உள்ளே திருப்பும் பூச்சு உள்ளதோ என்றால் கம்பனியிடம்தான் போகவேண்டும், விலையும் கையைக் கடிக்கும். எதுவானாலும் கண்ணாடிச் செராமிக் என்ற சொல்லும் தயாரிப்பின் பெயரும் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று கேளுங்கள். "சூடு தாங்கும்" என்ற வாய்ச்சொல் காணாது. வீட்டுக்கு வந்ததும் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியின் விளிம்பு பச்சை அடிக்கும், ரோபாக்ஸ் வகை தேன் நிறத்தை ஒட்டி இருக்கும்.

பூட்டும்போது பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும்வரை துப்புரவாக்கி, 8 அல்லது 10 மில்லிமீற்றர் அகலமான கண்ணாடிநார் நாடாவை ஒட்டவேண்டும். நாடாவை இழுத்து ஒட்டினால் மெலிந்துபோகும், தளர்வாகப் படுக்கவிடுங்கள். திருகாணிக்குச் செப்புக் கிறீஸ் கொஞ்சம் பூசினால் அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். எல்லாத் திருகாணிகளையும் முதலில் விரலால் திருகி, பிறகு மூலைக்கு மூலை மாறி மாறிக் கால் சுற்று. அவ்வளவுதான். கண்ணாடியைக் கையால் தள்ளினால் மிக இலேசாக அசையவேண்டும். ஆடுகிறதே என்று பயந்து இன்னொரு சுற்று இறுக்கத் தோன்றும், தயவுசெய்து இறுக்காதீர்கள். நாடா புகையைத் தடுக்கும், கண்ணாடிக்கு அந்தச் சிறு சுதந்திரம் வேண்டும்.

கண்ணாடியோடு கதவைச் சுற்றியுள்ள கயிற்று நாரையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் முதுமை அடைகின்றன. அந்தக் கயிறு சரியா என்று பார்க்க, ஒரு கடதாசித் துண்டைக் கதவில் வைத்துச் சாத்தி இழுங்கள். எதிர்ப்பில்லாமல் வந்துவிட்டால் கயிறு முடிந்துவிட்டது. சுற்றிவரப் பல இடங்களில் பார்க்கவேண்டும், பிணைச்சல் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

இதற்குப் பிறகான குளிர்காலங்களில் அந்தக் கண்ணாடிச் செராமிக் நாள்தோறும் எரிந்த அடுப்பில் அப்படியே இருக்கிறது. கீறலோ புகைமூட்டமோ இல்லை. நடுவில் ஒரு தடவை நாடாவை மட்டும் புதுப்பித்தேன்.

கண்ணாடி கறுப்பதைப் பற்றியும் நிறையப் பேர் முறையிடுகிறார்கள். கறுப்பு கண்ணாடியின் குற்றமில்லை, விறகும் காற்றும் சொல்லும் செய்தி. இந்த அடுப்புகளில் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து சூடான காற்று திரைபோல் கீழே இறங்கிப் புகையை ஒதுக்கி வைக்கிறது. காற்றுவழியை மூடி மெதுவாக எரித்தால் அந்தத் திரை இல்லாமல் போய்விடும். விறகின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். பேர்ச் மர விறகு வாங்கினால் ஒன்றைப் பிளந்து, உட்பக்கத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்த மாதிரித்தான் காட்டும். நெருப்பை மேலிருந்து மூட்டும் நோர்வேக்காரரின் பழக்கத்துக்கு நாங்களும் மாறினோம். பெரிய விறகு கீழே, சிறு சுள்ளி மேலே. தொடக்கப் புகை வெகுவாகக் குறைந்து கண்ணாடி கிழமைக்கணக்கில் தெளிவாக நிற்கிறது.

மிஞ்சும் கறையை அடுப்பு ஆறிய பிறகு, நனைத்த கடதாசியில் நரைநிற மென்சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போதும். ஊரில் சாம்பலால் பாத்திரம் விளக்கிய கைகளுக்கு இது புதிதில்லை. மணல் கலந்த சாம்பல் மட்டும் கூடாது, கீறும். கடையில் விற்கும் காரத் தெளிப்பான்களை நான் நிறுத்திவிட்டேன். அது வழிந்து நாடாவுக்குள் ஊறினால் நாடா விறைத்துப்போகும், பிறகு முன்னே சொன்ன நெரிப்புத் தொடங்கும். தெளிப்பான்தான் வேண்டும் என்றால் துணியில் அடித்துத் துடையுங்கள், அப்புறம் வெறும் தண்ணீரால் இன்னொரு தடவை துடைத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த எரிப்பில் வெள்ளைப் படலமாகச் சுட்டுப் பதிந்துவிடும், அதைப் பிறகு எடுக்கமுடியாது. நிலக்கரியும், வர்ணம் பூசிய பலகையும் எரித்தாலும் இதே கதி.

கீறல் விட்ட கண்ணாடியோடு எரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கீறலால் காற்றுப் புகுந்தால் நெருப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இராது. விறகு சரிந்து தட்டினால் கண்ணாடி தணலோடு வெளியே வரும். கண்ணாடி வந்து சேரும்வரை மின் கணப்போடு சமாளியுங்கள். புதியதைப் பூட்டியதும் முதல் நாள் சிறிய நெருப்பாக மூட்டி, ஆறவிட்டு, திருகாணிகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் விரலால் மட்டும் சரிசெய்யுங்கள். குளிர் தொடங்கும் முன், செப்ரெம்பரிலேயே கதவைத் திறந்து நாரைப் பார்த்துவிட்டால் கடைகளில் பொருளும் இருக்கும், வேலையை ஆறுதலாகவும் செய்யலாம்.